எழுதக் கற்பிப்போரின் எழுத்து

காசிமேட்டில் இளையவர்க்கு வலை முடையக் கற்றுத்தரும் பெரியவர் தாமும் வலை முடைகிறார். திருவொற்றியூர்ப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பழக்குகிறவர் நாள்தோறும் இரும்பைப் பற்றவைக்கிறார். பாட்டு வாத்தியார் பாடுகிறார்; தையல் ஆசிரியை தைக்கிறார். தாம் செய்யாத ஒன்றைப் பிறர்க்குக் கற்பிக்கும்படி பணிக்கப்பட்டவர் ஒருவர் உண்டென்றால், அவர் நம் பள்ளிகளில் கட்டுரை கற்பிக்கும் மொழியாசிரியரே. ஆண்டு முழுவதும் அவர் நூற்றுக்கணக்கான கட்டுரை ஏடுகளைத் திருத்துகிறார். தாமே ஒரு கட்டுரை எழுதி, அதை இன்னொருவரிடம் காட்டி, அவர் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை.

இதை ஆசிரியர்மீது சுமத்தும் பழியாக எவரும் கொள்ளலாகாது. அத்தகைய வாய்ப்பை அவருக்கு யார் அளித்தார்கள் என்பதே நாம் எழுப்பும் வினா. எழுத்தைக் கற்பிப்போர் தம் தொழிலில் வளர நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள வழிகள் யாவை? அவ்வழிகளில் எழுத்துக்கு இடம் உண்டா? எழுதிய ஆசிரியர்கள் நமக்கு விட்டுச் சென்றது என்ன? இம்மூன்றையும் நம் கைக்கெட்டிய சில நூல்களையும் முயற்சிகளையும் துணைகொண்டு ஆராய்வோம்.

பவணந்தியார் வகுத்த பங்கீடு

நமது கடற்கரைப் பகுதிக்குக் கல்வி வரலாறு இல்லை என்று எண்ணுவோர் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை நோக்க வேண்டும். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்குள்ள கோயிலில் வடமொழி இலக்கணம் கற்பிப்பதற்கென ஒரு மண்டபம் இருந்தது. அதன் பராமரிப்புக்கு வரியில்லா நிலம் வழங்கப்பட்டது. ஆசிரியர் கற்பிக்க வேண்டுமாயின் அவர் வாழவும் வேண்டும் என்பதை அன்றைய சமூகம் அறிந்திருந்தது. அக்கல்வி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. மண்டபத்துக்கு அப்பால் மரக்கலம் செலுத்தியவரின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்திராது.

ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றியது பவணந்தி முனிவரின் நன்னூல். அதன் பாயிரத்தில் நல்லாசிரியரின் இலக்கணமும் ஆசிரியராகத் தகாதவரின் இலக்கணமும் கூறப்படுகின்றன. கற்பிக்கத் தகாதவருக்கு அவர் காட்டும் உவமைகள் கூர்மையானவை. உள்ளே இட்ட முறை மாறிக் காய்களைக் கொட்டும் கழற்குடம், தன்னை நெருங்க விடாது தானாய் விழுவதை மட்டும் தரும் மடற்பனை, சிறிது சிறிதாகவே அடைத்துச் சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டிய பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவன் இருக்க அடுத்தவன் வளைவில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு என அவை அமைகின்றன.

நம் பொருளுக்கு இவற்றினும் முதன்மையானது வேறோர் இடம். கற்பவன் ஆசிரியரிடம் கேட்டு நன்கு உள்வாங்கினாலும் கால் பங்குப் புலமையே எய்துவான். தன்னொடு பயில்வோருடன் கலந்து பயில்வதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்று நன்னூல் பங்கிடுகிறது. பவணந்தியார் கருதியது வாய்மொழியாக உரைப்பதையே. ஆயினும் எழுதுதல் என்பது காணாத ஒருவருக்கு எடுத்துரைத்தலே அன்றோ? எனவே இப்பங்கீட்டை எழுத்துக்கும் பொருத்திக் காண்பது முறையே ஆகும்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இன்றைய பணியிடைப் பயிற்சிகளை அளந்து பார்ப்போம். மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி தரப்படுகிறது. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கும், மாவட்டத்தார் வட்டார வள மையத்தாருக்கும், அவர்கள் குறுவள மையத்தில் கூடும் ஆசிரியர்களுக்கும் உரைக்கிறார்கள். அச்சிட்ட கட்டகம் ஒன்று கையில் தரப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் பெறப்படுகிறது. படிப்படியாக இறங்கி வரும் இம்முறையில் ஆசிரியர் பெறுவது கேட்டல் என்னும் கால் பங்கே. அதுவும் பல வாய் மாறி வருவதால் கழற்குடத்தின் தன்மை அதற்கு ஏறிவிடுகிறது. உடன்பயில்வோரோடு கலத்தல் என்ற கால் பங்கு தேநீர் இடைவேளையில் சிறிது நிகழக்கூடும். எடுத்துரைத்தல் என்ற அரைப்பங்குக்கோ நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என எதிர்பார்க்கிறது. தமிழக அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை என்பது யாவரும் அறிந்தது. அவ்விவாதத்துள் நாம் நுழையவில்லை. எனினும் ஒன்று கூறலாம். மணியைக் கணக்கிடுவது எளிது. அம்மணிகளில் ஆசிரியரின் கை எத்தனை நிமிடம் எழுதியது என்று எவரும் கணக்கிடுவதில்லை.

மணலில் எழுதியவரும் நூல் எழுதியவரும்

எழுதாத ஆசிரியர் எதை இழக்கிறார் என்பதற்குச் சென்னை நகரமே ஒரு சான்று வைத்திருக்கிறது. 1789ஆம் ஆண்டு, எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென அமைந்த இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் சென்றபோது, நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்து வரைந்து கற்பதை அவர் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஒழுங்கு இவ்வாறு அவ்வில்லத்தில் உருவாயிற்று. நம் சட்டாம்பிள்ளை வழக்கத்தை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

பெல் இங்கிலாந்து திரும்பி, 1797இல் தம் பட்டறிவை நூலாக்கி வெளியிட்டார். அந்நூல் பரவியதும் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அவ்வழியைப் பின்பற்றின. அவர் விட்டுச் சென்ற பொருளைக்கொண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மணலில் எழுத்துப் பழக்கிய அந்தத் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் பெயரோ நமக்கு எட்டவில்லை.

பெல்மீது திருட்டுக் குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. எங்கு கண்டார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு முறையை வகுத்து நாள்தோறும் கையாண்டவர் அதை எழுதிவைக்காதபோது, கண்டு எழுதியவரின் பெயராலேயே அது உலகுக்கு அறிமுகமாகிறது. அம்முறையின் நுட்பங்களுள் எழுதியவரின் கண்ணுக்குப் பட்டவை மட்டுமே பிழைக்கின்றன. திண்ணை ஆசிரியர் மந்தமான பிள்ளையை எவ்வாறு தேற்றினார், இடக்கையனை எவ்வாறு நடத்தினார், மணலிலிருந்து ஓலைக்கு எப்போது மாற்றினார் என்பனவெல்லாம் அவரோடே மறைந்தன. இன்றும் எண்ணூரிலோ தண்டையார்பேட்டையிலோ தன் வகுப்பறையில் ஓர் எளிய உத்தியைக் கண்டறிந்த ஆசிரியை ஓய்வு பெறும் நாளில் அவ்வுத்தியும் அவரோடே ஓய்வு பெற்றுவிடுகிறது.

ஆசிரியர்க்காக எழுதிய ஆசிரியர்

இதற்கு மாறான முன்மாதிரியும் தமிழில் உண்டு. வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியை நினைக்கிறோம். ஆனால் அவர் தம் காலத்து ‘ஆசிரியர் பயிற்றுநர்’ என்பதை நினைப்போர் சிலரே. ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி கற்பித்த உபதேசியார்களுக்காக 1727 அளவில் அவர் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ தமிழ் உரைநடையின் தொடக்க காலச் சாதனைகளுள் ஒன்று. இன்றைய கட்டகங்களோடு அதனை ஒப்பிட்டால் இரு வேறுபாடுகள் புலப்படும். முதலாவது, என்ன கற்பிப்பது என்பதோடு நில்லாமல், கற்பிப்பவன் எத்தகையவனாக இருக்க வேண்டும் என்று அந்நூல் அவன் முகம் நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது, படிப்போன் உரக்க வாசித்து மகிழத்தக்க ஓசையுள்ள நடையில் அது அமைந்திருக்கிறது. இன்றைய கட்டகங்களில் நாம் கண்டவற்றை உரக்க வாசித்தால் மகிழ்வோர் எவரும் இருக்கமாட்டார். எழுத்தைக் கற்பிக்க உதவும் நூலே நல்ல எழுத்தாக அமையாவிட்டால், அது தன் பொருளைத் தானே மறுக்கிறது.

எழுதிக் கற்பித்தவர் என்பதனால் வீரமாமுனிவருக்கு வாய்த்த இன்னொரு நன்மையும் நினைவுகூரத்தக்கது. பழைய ஏடுகளில் எகர ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு புள்ளி ஒன்றே. ஓலையில் புள்ளி குத்துதல் அருகியதால் படிப்பவன் ஊகித்தே படிக்க நேர்ந்தது. கற்போரின் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்து, நெடிலைத் தனியே காட்டும் வடிவங்களை அவர் வகுத்தார். இன்று நம் பிள்ளைகள் இரட்டைக் கொம்பு, ஒற்றைக் கொம்பு என்று கற்பது அந்த ஆசிரியரின் அக்கறையால் விளைந்தது. தமிழ் பயில்வோர்க்கான வாசிப்புப் பொருளாக அவர் எழுதிய பரமார்த்த குரு கதையிலோ குரு என்னும் பதவியையே நகைப்புக்கு உள்ளாக்கினார். தன் தொழிலைப் பார்த்துத் தானே சிரிக்கும் துணிவு எழுதும் ஆசிரியருக்கே எளிதில் வாய்க்கிறது.

கட்டுரை ஏட்டில் இல்லாத ஊர்

இனி நம் சூழலுக்கு வருவோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் தமிழ்நாட்டில் பள்ளி சென்ற எவருக்கும் மறவாது. குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைக என்ற வினாவும் அவ்வாறே. குறிப்புகளை விரிக்கும் உழைப்பையும் மிச்சப்படுத்தத் துணைநூல்கள் உள்ளன. அவற்றுள் தலைமுறை தலைமுறையாகப் புகழ்பெற்றது கோனார் தமிழ் உரை. அதனைத் தொடங்கிய ஐயம்பெருமாள் கோனார் திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். செய்யுளைத் தெளிவுபடுத்துவதில் அவரது உரை எத்தனையோ ஏழை மாணவர்க்கு ஆசிரியர் இல்லாக் குறையைத் தீர்த்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் பாட்டுக்கு உரை வாங்குவது போலக் கட்டுரையையும் வாங்கலாம் என்ற நிலை வந்தபின், மாணவர் படியெடுப்போராகவும் ஆசிரியர் படி சரிபார்ப்போராகவும் மாறினர். கட்டுரை ஏடு என்பது எவரும் எழுதாத ஒன்றை எல்லாரும் வைத்திருக்கும் விந்தையாயிற்று.

நம் பகுதிப் பிள்ளைகளின் ஏடுகளில் ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பைப் புரட்டினால் இதன் விளைவைக் காணலாம். பச்சைப்பசேலென்ற வயல்களும் சலசலத்து ஓடும் ஆறும் அவற்றில் வருகின்றன. எழுதிய பிள்ளையோ நெட்டுக்குப்பத்திலோ தாழங்குப்பத்திலோ இருக்கிறது. அதன் ஊரில் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் உண்டு. துறைமுகத்துக்குக் காத்துநிற்கும் கொள்கலன் லாரிகளின் வரிசை உண்டு. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்தில் பரவியபோது, அப்பாவின் படகும் வலையும் கறுத்ததை அந்தப் பிள்ளை கண்டது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தோரில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் ஏட்டில் வயல்தான் பச்சையாக இருக்கிறது.

பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்று இதனைக் கடுமையாகக் கூறவேண்டா. எழுத்து என்பது தன் வாழ்வோடு தொடர்பற்ற ஒரு சடங்கு என்று அது கற்றுக்கொண்டது. அதுவே நமக்குக் கவலை அளிக்கிறது. தன் ஊரைப் பற்றித் தானே நான்கு வாக்கியம் எழுத இயலாத பிள்ளை வளர்ந்து, ஒரு மனுவையும் பிறர் எழுதித் தரக் கையொப்பம் மட்டும் இடும். இப்பகுதியின் நீர், காற்று, நிலம் பற்றிப் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்கின்றன, அறிக்கைகள் எழுதப்படுகின்றன, எழுதத் தெரிந்தவர்களின் சொல்லே கோப்பில் ஏறுகிறது.

இங்கே ஆசிரியரின் எழுத்து ஏன் தேவைப்படுகிறது? எண்ணெய் படிந்த வலையைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால் அந்த எழுத்து ஒழுங்காக வராது. பேச்சு வழக்கு வரும், வாக்கியம் பாதியில் நிற்கும், முன்னுரை இராது. தாம் எழுதிப் பழகாத ஆசிரியருக்கு அவ்வேட்டில் பிழைகள் மட்டுமே தெரியும். தாமே ஒரு பக்கம் எழுதத் திணறி, அடித்து, மீண்டும் எழுதிய ஆசிரியருக்கோ அந்தப் பிழைகளுக்குள்ளே ஓர் உண்மையான வாக்கியம் தொடங்கியிருப்பது தெரியும். அதைத் தொட்டுக்காட்டி, “இதிலிருந்து தொடங்கு” என்று அவரால் சொல்ல முடியும். இவ்வொரு சொல்லுக்காகவே எழுதும் ஆசிரியர் வேண்டும் என்கிறோம்.

எழுதிய ஆசிரியர் சிலர்

தமிழில் ஆசிரியர்கள் எழுதாமலில்லை. அவர்களுள் மூவரை மட்டும் இங்கு நோக்குவோம்.

பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’ 1990களில் வெளிவந்த சிறு புதினம். அறிவியல் ஆசிரியை ஒருவர் தம் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அது அமைந்திருக்கிறது. கேள்வி கேட்கும் ஒரு சிறுமி, அடியன்றி விடை அறியாத பள்ளி, அடியின் வலி தெரியாதிருக்க அவள் தன்னுடலிலேயே செய்துகொள்ளும் சோதனை, அதனால் வரும் சாவு எனக் கதை நகர்கிறது. முன்னுரை என்ற வடிவமே இப்படைப்பின் வலிமை. ஓர் ஆசிரியை ஏன் எழுதத் தொடங்கினாள் என்பதற்கு விடையாகக் கதை நிற்கிறது; எழுத்து அவளுக்கு மாணவிக்குச் செலுத்தும் கடனாகிறது. குறையும் இல்லாமலில்லை. ஏனைய ஆசிரியர்கள் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டுள்ளனர். அவர்களுள் ஒருவரேனும் தம் சோர்வையும் அச்சத்தையும் பேசியிருந்தால், படிக்கும் ஆசிரியர் தம்மை நடராசனின் ஆசிரியையோடு மட்டும் ஒன்றிக்கொண்டு தப்பித்துவிட இயலாது போயிருக்கும்.

பேராசிரியர் ச. மாடசாமி அறிவொளி இயக்கத்தில் தோய்ந்தவர். அவரது ‘என் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா’ தலைப்பாலேயே ஆசிரியரின் ஆயுதத்தைச் சுட்டுகிறது. எழுதப் படிக்க அறியாத பெரியவர்களிடம் சென்று, அவர்கள் பேச்சைக் கேட்டுக் கற்றவர் என்பதால், அவர் எழுத்தில் உபதேசம் குறைவு. சிறு வாக்கியம், சிறு நிகழ்ச்சி, உடனே ஒரு கேள்வி என்பது அவர் நடை. ஆய்வுக் கட்டுரையின் தோரணை இல்லாமலும் ஓர் ஆசிரியர் தம் தொழிலைப் பற்றி ஆழமாக எழுதலாம் என்பதை அது மெய்ப்பிக்கிறது.

மூன்றாமவர் பாமா. ஆசிரியப் பணியையும் துறவற வாழ்வையும் உள்ளிருந்து அறிந்து, துறவறத்தை விட்டு வெளியேறியபின் அவர் எழுதிய ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. கத்தோலிக்க நிறுவனங்களுக்குள் நிலவிய சாதி வேற்றுமையை அது சாடியதால், நம்மவருள் சிலர் அதனை இன்றும் முகம் சுளித்தே நோக்குகின்றனர். அவர்கள் அதனை எழுத்துப் பாடமாகவாவது படிக்க வேண்டும். எந்தப் பேச்சை வகுப்பறையில் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறோமோ, அந்தப் பேச்சாலேயே ஒரு வாழ்வை முழுமையாகச் சொல்ல முடியும் என்று காட்டியவர் ஓர் ஆசிரியை. திருச்சபையின் மனச்சான்றுக்கு அந்நூல் எழுப்பிய வினாக்கள் இன்னும் விடை கேட்டு நிற்கின்றன.

பர்பியானாவும் பெர்க்லியும்

இத்தாலியில் ஃபுளோரன்சுக்கு அருகே மலைமேல் பர்பியானா என்றொரு சிற்றூர். 1954இல் அங்கே பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டவர் லொரென்சோ மிலானி அடிகள். மேலிடத்துக்கு உவப்பில்லாதவரை ஒதுக்கிவைக்கும் இடமாக அது கருதப்பட்டது. அவர் அங்கே, அரசுப் பள்ளிகள் தோல்வியுறச் செய்து வெளியேற்றிய உழவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அப்பள்ளிச் சிறுவர் எண்மர் கூடி எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் மிலானி அடிகள் இறந்தார்.

நம் பொருளுக்கு இன்றியமையாதது அக்கடிதம் எழுதப்பட்ட முறை. ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றிய கருத்துகளைத் துண்டுத்தாள்களில் எழுதுவான், ஒரு தாளில் ஒரு கருத்து மட்டும். பின்னர் எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றுசேர்ப்பர், மிகையைக் களைவர், வரிசைப்படுத்துவர், உரக்க வாசித்து, புரியாத சொல்லை மாற்றுவர். யாருக்காக எழுதுகிறோம், அவர்க்கு இது பயன்படுமா என்ற கேள்விகள் எப்போதும் முன்நின்றன. காலக்கெடு எதுவும் இருந்ததில்லை. மிலானி அடிகள் மேற்பார்வையாளராக நில்லாமல் அம்மேசையருகே உடனிருந்தார். அவரது முந்தைய நூல் 1958இல் உரோமையின் ஆணையால் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது; 2017 ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் பர்பியானாவுக்கே சென்று அவர் கல்லறையில் செபித்தார். எழுதக் கற்பித்த ஒரு பங்குக் குருவைத் திருச்சபை அறிந்துகொள்ள அத்தனை ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் வேறொரு வழி தோன்றியது. 1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்னும் ஆசிரியர், பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் ஒன்றுகூட்டினார். அவர் வைத்த கொள்கைகள் இரண்டு. எழுத்தைக் கற்பிப்போர் தாமும் எழுத வேண்டும். ஆசிரியருக்குச் சிறந்த ஆசிரியர் இன்னோர் ஆசிரியரே. ஆகவே அங்கு கூடியோர் தம் வகுப்பறை உத்திகளை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தனர், தாமே எழுதினர், சிறு குழுக்களில் வாசித்துத் திருத்தினர். இம்முயற்சி விரிந்து தேசிய எழுத்துத் திட்டமாகி, 1991 முதல் நடுவண் அரசின் நிதியும் பெற்றது. 2011இல் அந்த நேரடி நிதி நிறுத்தப்பட்டது. அதன்பின்னும் அம்முயற்சி மடிந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. நன்னூலின் அரைப்பங்கும் கால் பங்கும் வேறொரு நிலத்தில் வேறொரு பெயரில் விளைந்தன என்றே நமக்குத் தோன்றுகிறது.

இங்கு என்ன செய்யலாம்?

தமிழக அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022இல் மாணவர்க்கென ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களையும் ஆசிரியர்க்கெனக் ‘கனவு ஆசிரியர்’ என்னும் இதழையும் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சி. ஆசிரியரின் பெயர் அச்சில் வருவதற்குத் துறையே மேடை அமைத்தது சிறிய செய்தியன்று. எனினும் தம்மை ஆளும் துறை நடத்தும் இதழில் ஓர் ஆசிரியர் எதை எழுதத் துணிவார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. வெற்றி பெற்ற உத்தியை எழுதுவார். தோற்றுப்போன பாடவேளையை எழுதுவாரா? தொழிலில் வளர்ச்சி என்பது பெரும்பாலும் தோற்ற பாடவேளையை ஆராய்வதில்தான் இருக்கிறது. ஆகவே மேலதிகாரியின் கண் படாத, பரிசும் சான்றிதழும் இல்லாத வேறு சில சிறு இடங்களும் தேவைப்படுகின்றன.

ஆசிரியருக்கு நேரம் எங்கே என்று கேட்பர். நியாயமான கேள்வி. இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு, நலத்திட்டப் பொருள் வழங்கல் என அவர் தோளில் ஏறிய சுமைகள் பல. இவற்றின்மேல் ‘எழுத வேண்டும்’ என்ற இன்னொரு கட்டளையையும் ஏற்றினால் அதுவும் ஒரு படிவமாகவே முடியும். எல்லா ஆசிரியரும் நூலாசிரியராக வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. எழுத்தாளர் என்பது வேறு. எழுதிப் பார்ப்பவர் என்பது வேறு. இரண்டாவது எல்லார்க்கும் இயலும்.

நம் மறைமாவட்டப் பள்ளிகளின் அளவிலேனும் சிலவற்றைத் தொடங்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பகுதியின் மொழியாசிரியர்கள் பத்துப் பேர் இரண்டு மணி நேரம் கூடட்டும். அந்த மாதம் தம் மாணவர்க்குத் தந்த அதே தலைப்பில் தாமும் ஒரு பக்கம் எழுதி வரட்டும். உரக்க வாசித்து, ஒருவர் மற்றவரின் எழுத்தில் உயிருள்ள ஒரு வாக்கியத்தையும் புரியாத ஓர் இடத்தையும் சுட்டட்டும். தாளாளரோ தலைமையாசிரியரோ அங்கு அமர வேண்டா. அமர்ந்தால் அவரும் ஒரு பக்கம் எழுதி வரட்டும். கட்டுரை ஏடு திருத்தும்போது எல்லாப் பிழையையும் சுழிக்காமல், ஒரு தவணையில் ஒருவகைப் பிழையை மட்டும் நோக்கட்டும். ஆண்டுக்கொருமுறை, ஆசிரியரின் எழுத்தும் மாணவரின் எழுத்தும் அடுத்தடுத்த பக்கங்களில் அமைந்த ஒரு சிறு தொகுப்பை அச்சிடலாம். இப்பத்திரிகை போன்ற இதழ்களும் ஆசிரியருக்கென இரண்டு பக்கங்களை ஒதுக்கித் தரக் கடமைப்பட்டுள்ளன. செலவு என்று பார்த்தால் ஒரு பள்ளி ஆண்டுவிழாப் பந்தலுக்குக் கொடுக்கும் தொகைகூட ஆகாது.

இராயபுரத்தில் படகோட்டி வாழ்ந்த மக்கள் தம் உழைப்பின் பங்கைச் சேர்த்துப் புனித இராயப்பருக்கு ஆலயம் எழுப்பினர். அவர் பெயராலேயே ஊரும் வழங்குகிறது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தங்கள் நினைவை நிறுத்த அவர்களால் முடிந்தது. ஆனால் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் கைப்பட எழுதிய ஏடாக நாம் பெறவில்லை. அவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் எழுதுகோலோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன் நிற்கும் ஆசிரியர் தம் எழுதுகோலையும் திறப்பாராயின், அடுத்த தலைமுறையின் ஏட்டில் கொசஸ்தலை ஆறு தன் உண்மையான நிறத்தோடு ஓடும்.